கோண்டாவிலில் சொந்தமாக ரியூசன் நிலையம் தொடங்கலாமா?

கேள்வி கேட்டவர் ஒரு தங்கச்சி. யாழ். பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் பட்டம் முடித்துவிட்டு, இரண்டு தனியார் கல்வி நிலையங்களில் தரம் 10, 11 பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறார். பிள்ளைகள் கட்டும் காசில் கால்வாசியை நிலையம் எடுத்துக்கொண்டு மிச்சத்தை இவருக்குக் கொடுக்கிறது. கோண்டாவிலில் ஒரு வீடு வாடகைக்கு வருகிறது, சொந்தக்காரர் கனடாவில். சுவிஸில் இருக்கும் அண்ணா பதினைந்து லட்சம் தரத் தயார். அரசாங்க ஆசிரியர் நியமனத்துக்கும் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறார். “உழைப்பு முழுக்க என்னுடையது, கால்வாசியை ஏன் இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டும்? நானே ஒரு நிலையம் தொடங்கினால் என்ன?” என்பது அவருடைய கேள்வி.

தங்கச்சி, சொந்தமாகப் படிப்பிக்கத் தொடங்குங்கள். நிலையத்தை இப்போதைக்குத் தொடங்க வேண்டாம். இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் வேலை வேறு வேறு. நான் முன்னர் வகுப்பு எடுத்தவன். இப்போது சில நிலையங்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். படிப்பிக்கிறவருக்குக் கரும்பலகைப் பக்கம் தெரியும், கணக்கு எழுதுகிறவனுக்குக் கொப்பியின் பக்கம் தெரியும். நான் கொப்பியின் பக்கத்தில் இருந்து சொல்கிறேன்.

முதலில் அந்தக் கால்வாசி. அதற்கு உங்களுக்கு என்ன கிடைக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? மண்டபம், வாங்கு, மேசை, மின்விசிறி, மலசலகூடம், சைக்கிள் விட இடம், இவ்வளவும் கண்ணுக்குத் தெரிபவை. தெரியாதது, காசு கேட்கும் வாய். “தம்பி, போன மாதமும் தரவில்லை, அம்மாவை வரச் சொல்” என்று சொல்கிற ஆள் வேறு ஒருவராக இருப்பதால்தான் பிள்ளைகளுக்கு நீங்கள் நல்ல மிஸ். வகுப்பு விட்டதும் ஒழுங்கையில் பெடியள் கூடி நின்று சத்தம் போட்டால் பக்கத்து வீட்டுக்காரர் தேடி வருவதும் அவரிடம்தான். கால்வாசியில் பாதி கட்டிடத்துக்கு என்றால், மற்றப் பாதி இந்தத் தலையிடிக்கு.

சரி, கணக்கைப் போட்டே பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்கு, உங்களுடைய உண்மையான எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு வகுப்பும் சேர்த்து 40 பிள்ளைகள், ஆளுக்கு மாதம் 1,500 ரூபா என்று வைப்போம். தாளில் 60,000. ஐந்து பேரிடம் காசு வாங்க மனம் வராது, ஆறு பேர் எப்போதும் “அடுத்த மாதம்”. காசு கட்டுவது 29 பேர், கைக்கு வருவது 43,500. இன்றைய ஏற்பாட்டில் அதில் முக்கால் பங்கு, 32,625 ரூபா, உங்களுக்கு. பெற்றோலைத் தவிர வேறு செலவு இல்லை.

அதே 43,500 ரூபாவோடு சொந்த நிலையத்துக்குப் போங்கள். வாடகை 25,000, மின்சாரமும் தண்ணீரும் 5,000, போட்டோக்கொப்பி 6,000. மிச்சம் 7,500. படலையில் நிற்கவும், கட்டண அட்டை பார்க்கவும், கூட்டித் துடைக்கவும் முழுநேரமாக ஒருவரை வைத்தால், 2026 ஜனவரியில் இருந்து நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா. அதோடு ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம், ஆக 4,500. ஒரேயொரு ஆள் வேலை செய்தாலும் இது கட்டவேண்டும்; நிறையப் பேர் கட்டுவதில்லை, பிறகு தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு வந்ததும் முழிப்பார்கள். இப்போது மாதம் 27,000 நட்டத்தில் நிற்கிறீர்கள்.

ஆகவே மற்றப் பாடங்களுக்கும் ஆசிரியர்களைக் கூப்பிட வேண்டும். ஒருவருக்குக் காசு கட்டும் பிள்ளைகள் 30 என்றால் 45,000 வரும், உங்கள் கால் பங்கு 11,250. ஐந்து ஆசிரியர்கள் வந்தால் 56,250. நட்டத்தைக் கழித்தால் 29,250. இன்றைக்கு எடுப்பதைவிடக் குறைவு. ஆறாவது ஆசிரியரும் வந்தால்தான் 40,500. விஞ்ஞானம், ஆங்கிலம், தமிழ், வரலாறு, வணிகம், இன்னும் ஒன்று என்று ஆறு பேரைப் பிடித்து, நேரசூசி போட்டு, அவர்கள் வராத நாளில் பிள்ளைகளுக்குப் பதில் சொல்லி, கடைசியில் மாதம் ஏறத்தாழ எட்டாயிரம் ரூபா கூட. அந்த ஆறு பேரும் உங்களைப் போலவே “கால்வாசியை ஏன் இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டும்?” என்று யோசிக்கிறவர்கள்.

உதவிக்கு ஆள் வைக்காமல் அம்மாவை இருத்தினால் மூன்று ஆசிரியர்களோடு 41,250 வரும். பல நிலையங்கள் அப்படித்தான் ஓடுகின்றன. ஆனால் அம்மாவின் பின்னேரங்களுக்கு ஒரு விலை உண்டு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வருமான வரியைப் பற்றி இந்த அளவில் பயப்பட வேண்டாம்: 2025 ஏப்ரலில் இருந்து தனிநபருக்கு ஆண்டுக்கு 18 லட்சம் வரை விலக்கு இருக்கிறது. வரவு செலவை மட்டும் முதல் நாளில் இருந்தே எழுதுங்கள்.

இனி காசு கட்டாத அந்த ஐந்து பிள்ளைகள், ஆறு பிள்ளைகள் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் நிலையங்கள் மூடுவது பெரும்பாலும் அங்கேதான். நான் பார்க்கும் ஒரு கட்டணக் கொப்பியில் காசு தந்த பிள்ளைக்கு நீல மையில் சரி போடுவார்கள். “அப்பா சம்பளம் எடுத்ததும் தருகிறோம்” என்ற பிள்ளைக்குப் பென்சிலால் ஒரு புள்ளி. மாதக் கடைசியில் சில புள்ளிகள் அழிந்து சரியாகும். சில, அடுத்த மாதப் பக்கத்திலும் அதே பெயருக்கு நேரே வந்து இருக்கும். மூன்றாவது புள்ளி விழும் மாதம் பிள்ளை நின்றுவிடும். யாரும் கலைத்ததால் அல்ல, முகம் கொடுக்க வெட்கப்பட்டு. சிநேகிதப் பிள்ளை ஒன்றோ இரண்டோ அதோடு சேர்ந்து நிற்கும். நீங்கள் இழந்தது ஒருவருடைய காசு என்று நினைப்பீர்கள், கொப்பியில் மூன்று பெயர் வெறுமையாக இருக்கும்.

இதற்கு ஒரே வழி, இலவசத்தை முன்கூட்டியே முடிவெடுப்பது. பத்துக்கு ஒன்றோ எட்டுக்கு ஒன்றோ, உங்களால் தாங்கக்கூடிய அளவில் வைத்து, அந்தப் பிள்ளைக்கும் மற்றவர்களைப் போலவே அட்டை கொடுத்து, அதில் சரி போட்டு விடுங்கள். யாருக்கும் தெரியத் தேவையில்லை. தகப்பன் இல்லாத பிள்ளையையும் கூலி வேலைக்குப் போகிற தாயின் பிள்ளையையும் எங்கள் ஊரில் வகுப்பால் அனுப்பிவிட்டு நிம்மதியாக நித்திரை கொள்ள முடியாது. அப்படியென்றால் அதைக் கணக்குக்குள்ளே கொண்டுவந்துவிடுங்கள், கணக்குக்கு வெளியே வைத்து மாதக் கடைசியில் ஆச்சரியப்படாதீர்கள். காசு கேட்பதென்றால் தாய்க்குத் தொலைபேசி எடுங்கள். வகுப்பில் பெயர் வாசிக்க வேண்டாம்.

அடுத்தது நேரம். இதுதான் எனக்குப் பெரிய காரணம். கணிதத்துக்கு ஏன் பெற்றோர் காசு கொடுக்கிறார்கள்? தரம் 11 முடிவில் எழுதும் சாதாரணதரப் பரீட்சையில் ஆறு பாடம் சித்தியடைய வேண்டும், அதற்குள் தாய்மொழியும் கணிதமும் இருக்க வேண்டும், மூன்று பாடத்தில் சி தரமாவது வேண்டும். அப்போதுதான் உயர்தரத்துக்குப் போகலாம். மற்ற எல்லாவற்றிலும் கெட்டிக்காரப் பிள்ளை கணிதத்தில் சித்தியடையாமல் டபிள்யூ எடுத்தால் கதை முடிந்தது. அதனால் கணித வகுப்புக்குத் தேவை எப்போதும் இருக்கும். ஆனால் அந்தப் பிள்ளையைக் காப்பாற்றுவது விளக்கம் மட்டும் இல்லை, திருத்தம். முதலாம் பத்திரம் இரண்டு மணித்தியாலம், இரண்டாம் பத்திரம் மூன்று மணித்தியாலம். ஒரு முழுப் பேப்பரை ஒழுங்காகத் திருத்த, படிமுறைக்குப் படிமுறை புள்ளி போட்டு, எந்த வரியில் குறி மாறியது என்று சிவப்பு மையில் வட்டமிட, ஒரு பிள்ளைக்குக் கால் மணித்தியாலம் வேண்டும். 40 பிள்ளைக்குப் பத்து மணித்தியாலம். அந்தத் தாளை வீட்டில் தகப்பன் வாங்கிப் பார்ப்பார். கணிதம் தெரியாத தகப்பனுக்கும் சிவப்பு மை விளங்கும். “இந்த மிஸ் வடிவாகப் பார்க்கிறா” என்ற சொல் அங்கே பிறந்துதான் ஊர் சுற்றுகிறது. ஆயிரம் நோட்டீஸ் அடித்தாலும் அந்தச் சொல் வராது.

நிலையம் நடத்துகிறவருக்கு அந்தப் பத்து மணித்தியாலம் கிடைக்காது. தண்ணீர் மோட்டர் பழுதாகும், வரலாற்று ஆசிரியர் கலியாண வீட்டுக்குப் போவார், ஒரு தாய் வந்து அரை மணித்தியாலம் கதைப்பார். நல்ல ஆசிரியர் ஒருவர் நிலையம் திறந்த இரண்டாவது வருடம் “முந்தி மாதிரி இல்லை” என்று பிள்ளைகள் சொல்லத் தொடங்குவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அவர் மாறவில்லை. நேரம்தான் போய்விட்டது.

காலண்டரையும் பாருங்கள். மாத வருமானத்தைப் பன்னிரண்டால் பெருக்கினால் வருட வருமானம் வரும் என்று நினைக்கிறவர்கள்தான் அதிகம். முன்னர் சாதாரணதரம் டிசம்பரில் வரும், ஊருக்கே தெரியும். கொரோனாவுக்குப் பிறகு அது அலைகிறது: 2023ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை 2024 மே மாதம் நடந்தது, 2024க்குரியது 2025 மார்ச்சில். பரீட்சை முடிந்த அன்று தரம் 11 மொத்தமாகப் போய்விடும். பாதி வருமானம் ஒரே நாளில் இல்லை. வாடகைக்கு அந்த விஷயம் தெரியாது. பரீட்சைக்குச் சில நாள் முன்னிருந்து அது முடியும்வரை வகுப்பு, கருத்தரங்கு, மாதிரி வினாத்தாள் எல்லாவற்றையும் பரீட்சைத் திணைக்களம் ஒவ்வொரு முறையும் தடை செய்கிறது. மீறினால் 1968ஆம் ஆண்டின் பொதுப் பரீட்சைகள் சட்டத்தில் மாட்டுவீர்கள். அதற்கு மேல் ஆண்டின் தொடக்கத்தில் இல்ல விளையாட்டுப் போட்டிகள், நல்லூர்த் திருவிழாவின் 25 நாள், கார்த்திகை மழை. ஒழுங்கையில் முழங்கால் அளவு வெள்ளம் நிற்கும்போது எந்தத் தாயும் பிள்ளையைச் சைக்கிளில் விடமாட்டாள். 2020இல் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்த மாதங்களையும் 2022இல் மின்வெட்டும் பெற்றோல் வரிசையுமாகக் கழிந்த மாதங்களையும் நீங்களே மாணவியாகப் பார்த்திருப்பீர்கள். அந்த நேரத்தில் சூம் வகுப்புக்கு மாறித் தப்பியவர்கள் ஆசிரியர்கள். மண்டபத்துக்கு ஒப்பந்தம் எழுதியவர்களிடம் மண்டபம் இருந்தது, பிள்ளை இல்லை.

கோண்டாவில் நல்ல இடமா என்றால், உங்கள் வகுப்புக்கு நல்ல இடம். உயர்தரப் பிள்ளை ஒரு பெயரைத் தேடிப் பருத்தித்துறையில் இருந்தும் பஸ் ஏறி யாழ்ப்பாணத்துக்கு வரும்; அங்கே பெரிய பெயர்களோடும் கொழும்பில் இருந்து இணையத்தில் வருகிறவர்களோடும் போட்டி போட வேண்டும். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை தாய் கொண்டுவந்து விடக்கூடிய தூரத்துக்குத்தான் போகும். தரம் 10, 11 சைக்கிள் தூரம். கொக்குவில், கோண்டாவில், இணுவில், திருநெல்வேலி, அவ்வளவுதான் உங்கள் உலகம். ஆகவே இந்த உலகத்துக்குள் இப்போது தரம் 8, 9இல் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று பள்ளிக்கூடங்களில் தெரிந்த ரீச்சர்மாரிடம் விசாரியுங்கள். அதில் எத்தனை பேர் ஏற்கெனவே எங்கே போகிறார்கள் என்பதையும் கேளுங்கள். சனசமூக நிலையத்தில் வெளிநாட்டு ஊர்ச்சங்கத்தின் காசில் இலவச வகுப்பு நடக்கிறதா என்றும் பாருங்கள். சில ஊர்களில் அது மிக நன்றாகவே நடக்கிறது, நடக்கட்டும், ஆனால் உங்கள் கணக்கில் அது இருக்க வேண்டும். நீண்டகாலத்துக்கு இன்னொன்று: நாட்டில் 2013இல் மூன்றரை லட்சத்துக்கு மேல் பிள்ளைகள் பிறந்தார்கள், 2023இல் இரண்டரை லட்சத்துக்கும் குறைவு. இதற்கு மேல் எங்கள் பக்கத்தில் குடும்பம் குடும்பமாக வெளிநாடு போகிறார்கள். அடுத்த ஐந்து வருடத்துக்கு இது பெரிய பிரச்சினை இல்லை. வங்கியில் கடன் எடுத்து மாடிக் கட்டிடம் கட்டுகிறவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம்.

பதிவு, அனுமதி எல்லாம் பயந்த அளவுக்குக் கடினமில்லை. உங்கள் சொந்த முழுப்பெயரில் வகுப்பு நடத்தினால் வியாபாரப் பெயர்ப் பதிவு தேவையில்லை. வேறு பெயர் வைத்தால் பிரதேச செயலகத்தில் பதிய வேண்டும், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலும் கேட்பார்கள். பிரதேச சபையில் என்ன அனுமதி வேண்டும் என்று பலகை மாட்டுவதற்கு முன்னரே கேளுங்கள். மலசலகூடத்தைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்க்கலாம், டெங்குக் காலத்தில் நிச்சயம் வருவார். கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு வெள்ளி பின்னேரமும் ஞாயிற்றுக்கிழமையும் வகுப்பு வைக்க வேண்டாம் என்று மாவட்டத்தில் தீர்மானம் எடுத்து அறிவித்தார்கள், அறநெறி வகுப்புக்குப் பிள்ளைகள் போக வேண்டும் என்பதற்காக. தரம் 9ஐ எடுக்கிற யோசனை இருந்தால் இப்போதைய நிலைமையைக் கேட்டுவிட்டு நேரசூசி போடுங்கள்.

பிறகு, நீங்கள் கேள்வியின் கடைசியில் ஒரு வரியாகச் சொல்லிவிட்டுப் போன நியமனம். என் பார்வையில் அதுதான் முதல் வரியாக இருந்திருக்க வேண்டும். நியமனம் கிடைத்தால் முதலில் வன்னிக்குப் போக வேண்டி வரலாம். கிளிநொச்சி என்றால் பஸ்ஸில் போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள், பின்னேரம் நாலு மணிக்கு வீடு வந்து சேரும்போது உடம்பில் ஒன்றும் இருக்காது. முல்லைத்தீவு என்றால் அங்கேயே தங்கத்தான் வேண்டும். மூன்று வருட ஒப்பந்தத்தோடு கோண்டாவிலில் ஒரு நிலையத்தை வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கு ஓடுவீர்களா? அரச ஆசிரியர் ஆன பிறகு தனியார் வகுப்பு எடுப்பதற்கும் கட்டுப்பாடுகள் இறுகி வருகின்றன; தங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடமே காசு வாங்கி வகுப்பு வைக்கக்கூடாது என்று மேல் மாகாணத்தில் சுற்றறிக்கையே போட்டிருக்கிறார்கள். அது சரியான கட்டுப்பாடுதான் என்பது என் எண்ணம். “நியமனம் வந்தாலும் போகமாட்டேன்” என்று வீட்டாரின் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய ஆளா நீங்கள்? கலியாணப் பேச்சு வரும்போதும் சொல்வீர்களா? எங்கள் ஊரில் அரசாங்க உத்தியோகத்தின் எடை உங்களுக்குத் தெரியும். ஆம் என்றால் நிலையத்தைப் பற்றிக் கதைக்கலாம். இல்லை என்றால், ஒரு மாத முன்னறிவித்தலில் விடக்கூடிய ஏற்பாட்டுக்கு மேல் எதிலும் கையெழுத்து வைக்க வேண்டாம்.

வீட்டைப் பற்றி. சொந்தக்காரர் கனடாவில் என்றால் இங்கே யார் கையெழுத்து வைக்கிறார்? அவருக்காகக் கையெழுத்து வைக்கும் அதிகாரப் பத்திரம், அற்றோணித் தத்துவம், யாரிடம், அது இன்னும் செல்லுபடியாகிறதா என்று பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள். ஒரு அண்ணனோடு பேசி முடித்த பிறகு அவுஸ்திரேலியாவில் இருந்து அக்கா “எனக்குத் தெரியாமல் யார் கொடுத்தது?” என்று கேட்பது வழக்கம். கோடை விடுமுறைக்கு வந்து நிற்கும்போது இரண்டு அறை வேண்டும் என்றும் கேட்பார்கள். அதையும் முதலே கேட்டு வையுங்கள். ஒழுங்கை எவ்வளவு அகலம்? நாலு மணிக்கு ஒரு வகுப்பு விட்டு மற்றது தொடங்கும் அந்த ஐந்து நிமிடத்தை மனதில் ஓட்டிப் பாருங்கள்: 40 சைக்கிள் வெளியே வரும், 40 சைக்கிள் உள்ளே போகும், நடுவில் ஒரு ஓட்டோ, மதிலோரம் இரண்டு தகப்பன்மார் மோட்டார் சைக்கிளில். பெண்பிள்ளைகளுக்கு வேறாக மலசலகூடம் இருக்கிறதா, பின்னேரம் ஆறரைக்கு ஒழுங்கையில் வெளிச்சம் இருக்கிறதா என்பதைத் தாய்மார் உங்களிடம் கேட்கமாட்டார்கள். பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார்கள். தகரக் கூரை என்றால் சித்திரையில் இரண்டு மணிக்கு ஒரு முறை உள்ளே இருந்து பாருங்கள்.

அண்ணாவின் காசை வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அதை எதில் போடுவது என்பதில்தான். புது நிலையம் என்றதும் பெயர்ப்பலகை, புது வாங்கு, குளிரூட்டி, சுற்றிவர பனர் என்று பத்து லட்சம் முதல் மாதமே போய்விடும். மூடிய நிலையங்களின் வாங்குகள் பாதி விலைக்கு வரும், தேடிப் பாருங்கள். மூடுகிறவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். பனரில் “9ஏ பெற்ற எமது மாணவி” என்று படம் போடுவதும் வேண்டாம். ஒரே பிள்ளையின் படம் மூன்று நிலையத்தின் பனரில் சிரிப்பதைப் பார்த்து ஊர் சிரிக்கிறது, அந்தப் பிள்ளையிடம் யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள். காசைத் தொடுவதென்றால் ஒரு நல்ல அச்சு இயந்திரம் வாங்குங்கள், மிச்சம் ஆறு மாத வாடகையும் மின்சாரமுமாக வங்கியில் கிடக்கட்டும். அண்ணாவிடம் கடனாக வாங்குகிறீர்களா, பங்காகவா என்பதை ஒரு வட்ஸ்அப் செய்தியிலாவது எழுதி வையுங்கள். அண்ணாவுக்கு எழுதத் தேவையில்லை, அண்ணிக்குத் தேவைப்படும்.

இப்போது வேலை செய்யும் இடங்களை விடுவதென்றால், எடுத்த தரம் 11ஐப் பரீட்சை வரைக்கும் முடித்துக் கொடுத்துவிட்டு விடுங்கள். அங்கிருந்து தொலைபேசி இலக்கங்களைச் சேர்த்து இரவோடிரவாகப் புது வட்ஸ்அப் குழு தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் வருவார்கள், கூடவே பெயரும் வரும். நாளைக்கு உங்கள் நிலையத்தில் இன்னொருவர் அதையே செய்யும்போது உங்களுக்குக் கேட்க வாய் இருக்காது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன். இரண்டு நிலையங்களில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விடுவேன். விட்ட நேரத்தில், இப்போது தரம் 9 முடிக்கிற பிள்ளைகளில் 15, 20 பேரைச் சேர்த்து வீட்டு விறாந்தையிலோ மணித்தியால வாடகைக்கு எடுத்த ஒரு அறையிலோ தரம் 10 தொடங்குவேன். அந்த ஒரு தொகுதியைச் சாதாரணதரம் வரை கொண்டுபோவேன். மாதம் ஒரு பேப்பர், ஒவ்வொன்றும் திருத்திக் கொடுக்கப்பட்டது. 20க்கு மேல் வந்தால் மறுத்துவிடுவேன். இடமில்லை என்று கேட்டுத் திரும்பிப் போன தாய் அதை நாலு பேருக்குச் சொல்வாள். அந்தத் தொகுதி முடியும்போது கொப்பியே உங்களுக்குப் பதில் சொல்லும்: யாரும் விளம்பரம் செய்யாமல் தம்பி தங்கைகள் வந்து சேர்ந்தார்களா, பென்சில் புள்ளிகள் ஐந்தில் ஒன்றுக்குள் நின்றதா, இடத்தை மாற்றினாலும் பிள்ளைகள் பின்னால் வந்தார்களா. அதற்குள் நியமனக் கதையும் ஒரு முடிவுக்கு வந்திருக்கலாம்.

என் பதிலை மாற்றக்கூடியது ஒன்றுதான். உங்களைப் போலவே 40 பிள்ளைகளை வைத்திருக்கிற ஒரு விஞ்ஞான ஆசிரியரும் ஒரு ஆங்கில ஆசிரியரும் சேர்ந்து வந்தால், யாரும் யாருக்கும் கால்வாசி கொடுக்காமல், செலவை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். வாடகை, மின்சாரம், தண்ணீர், போட்டோக்கொப்பி என்ற அதே 36,000 ரூபாவை மூன்றால் பிரித்தால் ஆளுக்கு 12,000. உங்கள் 43,500இல் அதைக் கழித்தால் 31,500. இன்றைக்கு எடுப்பதைவிட ஆயிரத்துச் சொச்சம்தான் குறைவு, பத்துப் பிள்ளை கூடினால் அந்தக் காசு முழுக்க உங்களுக்கு. படலையில் நிற்பதையும் மோட்டர் திருத்துவதையும் முறை வைத்துச் செய்யலாம், பேப்பர் திருத்துவதற்கு நேரம் மிஞ்சும். பங்குடைமையாகப் பதிந்து, ஒருவர் விலகினால் வாங்குகளும் மேசைகளும் யாருக்கு, பெயர் யாருக்கு என்பதை எழுதிக்கொள்ளுங்கள். அப்படி இரண்டு பேர் கிடைத்தால் கனடாக்காரரோடு கதையுங்கள்: ஒரு வருட ஒப்பந்தம், விடுவதென்றால் இரண்டு மாத முன்னறிவித்தல், முற்பணம் மூன்று மாதத்துக்கு மேல் இல்லை. அவர் யோசிக்க வேண்டும் என்றால் யோசிக்கட்டும். பூட்டிக் கிடக்கிற வீட்டுக்குக் கோண்டாவிலில் என்ன பஞ்சம்.